துரைக்கு வாங்கிய கரண்டுப் பட்டை

எழுபத்தொன்பதாம் வருஷம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். என் சொந்த வீட்டுக்குள்ளே என்னை விடமாட்டேன் என்று ஒரு நாய் வாசலில் நின்றது. அதுவும் என் சம்பளத்தில் சோறு தின்கிற நாய்.

நான் கத்தினேன். அது குரைத்தது. நான் இன்னும் பலமாகக் கத்தினேன். ஈப்போ புந்தோங்கில் எங்கள் வரிசை வீடுகளில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தது. குடையை ஓங்கினேன். அது குடையைப் பிடுங்கிக்கொண்டு போய் என் பிரம்பு நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டது. அப்போது என் மனைவி வீரம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, குரலைக்கூட உயர்த்தாமல், "துரை, இறங்கு" என்றாள். இறங்கிவிட்டது.

நாய்க்குத் துரை என்று பெயர் வைத்ததும் அவள்தான். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருபது வருஷம் மண்டோராக, அதாவது கூலிகளுக்கு மேஸ்திரியாக, இருந்தவன் நான். விடியற்காலைப் பெரட்டில் எண்பது பேரை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவேன். நான் ஒரு சத்தம் போட்டால் பால் வாளிகூட ஆடாமல் நிற்கும். நான் கைகட்டி நின்றது வெள்ளைக்காரத் துரை ஒருவருக்குத்தான். பிறகு தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். நான் ஈப்போவுக்கு வந்து ஒரு பிஸ்கட் ஆலையில் ஜாகா வேலைக்கு, வாசல் காவலுக்கு, சேர்ந்தேன். கேட்டைத் திற என்பார்கள், திறப்பேன். மூடு என்பார்கள், மூடுவேன். எனக்கு உத்தரவு போட ஊரே இருந்தது. நான் உத்தரவு போட இந்த நாய் ஒன்றுதான் மிச்சம். அதற்கும் பேர் துரை.

என் பேர் அப்பாவு. கடைசி எழுத்தைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். பெற்றவர்கள் யோசித்து வைத்திருக்கலாம்.

அந்த வெள்ளிக்கிழமை நான் கள்ளுக்கடை வழியாக வந்தேன் என்பது உண்மைதான். அதற்கும் நாய் என்னை மறித்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வீரம்மா அப்படி நினைக்கவில்லை. "வாசனை அதுக்குப் பிடிக்கல" என்று மட்டும் சொன்னாள். எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது. இந்த வீட்டில் இனிமேல் என் வாயிலிருந்து வரும் சொல்தான் சட்டம், அதை முதலில் இந்த நாய் கற்றுக்கொள்ளும் என்று அன்றைக்கே தீர்மானம் செய்தேன்.

தீர்மானத்துக்கு ஆயுதம் கொடுத்தவன் பக்கத்து வீட்டுப் பத்துமலை. எங்கள் தோட்டத்துத் துரைக்கு இவன் கார் ஓட்டியவன். துரை கப்பலேறும்போது வேண்டாததையெல்லாம் இவனிடம் தள்ளிவிட்டுப் போயிருந்தார். அதில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் தடிமனான தோல் பட்டை, பட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு டப்பா, டப்பாவிலிருந்து உள்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இரும்பு முனைகள். கூடவே கையில் பிடிக்க ஒரு கருவி, அதில் ரேடியோவுக்கு இருப்பதுபோல ஒரு கம்பி, நடுவில் ஒரு சிவப்புப் பொத்தான். அமெரிக்காச் சாமான். பட்டையை நாய்க் கழுத்தில் கட்டி, தூரத்தில் நின்று பொத்தானை அமுக்கினால் நாய்க்குக் கரண்ட் அடிக்கும். ஒரு சிறு புத்தகமும் இருந்தது. இங்கிலீஷ். எனக்கு இங்கிலீஷில் தெரிந்தது 'யெஸ் சார்' மட்டும்தான்.

வீரம்மாவிடம் இது உண்ணிக்குக் கட்டுகிற பட்டை என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை, நாய் பின்கட்டில் நின்றிருந்தது. "உட்கார்" என்று கத்தினேன். அது என்னைப் பார்த்தது, கொட்டாவி விட்டது, தண்ணீர் வாளியிடம் போய்க் குடிக்கத் தலையைக் குனிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினேன்.

நாய் ஓலமிட்டுக்கொண்டு ஆளுயரம் எகிறியது. எகிறி விழுந்த பிறகு என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. வாளியைத்தான் பார்த்தது. அது கற்றுக்கொண்ட பாடம், வாளியை நம்பக்கூடாது என்பது. அதன்பின் இரண்டு நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. வாளித் தண்ணீரைத் தொடவில்லை. வீரம்மா உள்ளங்கையில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தாள்.

இரண்டாம் நாள் அந்தப் பட்டையை எடுத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். இரண்டு முனைகளையும் தன் மணிக்கட்டில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அமுக்குங்க."

"பைத்தியமா உனக்கு?" என்றேன்.

"உண்ணிப் பட்டைதானே. அமுக்குங்க."

என் விரல் நகரவில்லை. அவளே கருவியை என் கையிலிருந்து எடுத்துப் பொத்தானை அமுக்கினாள். கை வெட்டி இழுத்தது. உதட்டைக் கடித்தாள். சத்தம் போடவில்லை. பட்டையைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அன்று முழுக்க யாரிடம் கோபப்படுவது என்று தெரியாமல் பத்துமலையிடம் போய்க் கோபப்பட்டேன்.

மறுநாள் வீரம்மா காப்பியோடு வந்தாள். முகத்தில் ஒரு கடுப்பும் இல்லை. நாயைப் பழக்குவது நல்லதுதான், நான்தான் முறை தெரியாமல் செய்கிறேன், வெள்ளைக்காரன் புத்தகம் போட்டுக் கொடுத்ததைப் படிக்காமல் மிஷினைத் தொடலாமா என்றாள். கடைசி வீட்டு அகதாக்கா கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் கிராணியாக எழுத்து வேலை பார்ப்பவர். இங்கிலீஷ் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. அவரிடம் படிக்கச் சொல்லலாம் என்றாள். கடைசியில் பெண்டாட்டி வழிக்கு வந்துவிட்டாள் என்று எனக்கு ஒரே பெருமை.

அகதாக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் திருப்பி, ஜெபப் புத்தகம் வாசிப்பதுபோல் வாசித்துச் சொன்னார். இந்த மிஷின் எஜமானின் குரலோடு சேர்ந்து வேலை செய்கிறதாம். குரல் உயர்ந்தால் கரண்ட் தாறுமாறாகப் பாய்ந்து நாய்க்கு வெறி பிடித்துவிடுமாம். மெதுவாக, ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு, பிறகு லேசாக அமுக்க வேண்டும். சரியான முறையில் அமுக்கினால் நாய் துள்ளாது, கரண்ட் போவதே வெளியில் தெரியாது. தினமும் ஆறு மணிக்குப் பயிற்சி. ஒரு நாள் தவறினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆறு மணி என்பது கள்ளுக்கடையில் ஆள் சேரும் நேரம். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. நாயை ஜெயிக்கிற வெறியில் இருந்தேன்.

ஆரம்பித்தேன். "உட்கார்" என்று மெதுவாகச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று மண்டோராக இருந்தவனுக்குத்தான் தெரியும். தொண்டையில் ஒரு லாரி வந்து பிரேக் போட்டு நிற்பதுபோல் இருந்தது. மூன்று நாள் அது என்னை மதிக்கவில்லை. நாலாம் நாள் வாலை லேசாக ஆட்டியது. இரண்டாம் வாரம் உட்கார்ந்தது. அமுக்கினேன், உட்கார்ந்தது, சொன்னேன், அமுக்கினேன், உட்கார்ந்தது. அமெரிக்காக்காரன் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

அகதாக்கா வாராவாரம் இரண்டு பக்கம் படித்துச் சொல்வார். ஐந்தாம் பக்கத்தில் நாய்க்கு எஜமானே தன் கையால் சோறு வைக்க வேண்டும் என்று வந்தது. ஏழாம் பக்கத்தில், எஜமானின் மூச்சில் கள்ளோ பீரோ கலந்திருந்தால் மிஷினுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்துவிடும் என்று வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினேன். பத்தாம் பக்கத்தில், நாயைப் பாசாருக்குக் கூட்டிப் போய், காய்கறிக் கூடையை எஜமானே சுமந்து வர வேண்டும், அப்போதுதான் வீட்டுக்குச் சோறு வருவது யாரால் என்று அதற்குப் புரியும் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கையில் நாய், ஒரு கையில் கூடை, கூடைக்கு வெளியே எட்டிப் பார்க்கும் முருங்கைக்காயோடு நான் புந்தோங் நடுவில் நடந்து வந்தேன். பத்துமலை சிரித்தான். அவனைப் பார்த்துக் கத்தவும் முடியவில்லை. கழுத்தில் பட்டையோடு நாய் பக்கத்தில் நிற்கிறது, கரண்ட் தாறுமாறாகிவிடுமே.

பதினாலாம் பக்கத்தில், எஜமான் மனைவியோடு சண்டை போட்டால் நாய் குழம்பிவிடும் என்று இருந்தது. எனக்கே சந்தேகம் வந்தது. இதையெல்லாமா வெள்ளைக்காரன் எழுதியிருக்கிறான் என்று கேட்டேன். அகதாக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எல்லா ஊர்லயும் இதே கதைதான் போல இருக்கு" என்றார்.

மூன்று மாதம் இப்படிப் போனது. கோபம் மட்டும் போகவில்லை. வெளியே விட வழியில்லாமல் வயிற்றுக்குள் குவிந்து கிடந்தது. ஆனால் நாய் நான் சொன்னபடி உட்கார்ந்தது, படுத்தது, தெருமுனையிலிருந்து வீடு வரை என் காலோடு ஒட்டி நடந்தது. அந்தப் பெருமையை ஆலையில் சொல்லாமல் இருக்க முடியுமா? ஸ்டோரில் வேலை செய்யும் சீனி என்பவனிடம் சொன்னேன். அவன் இங்கிலீஷ் பள்ளியில் படித்தவன். அவன் வீட்டு நாய் தபால்காரரை ஓட ஓட விரட்டுகிறதாம். மிஷினையும் புத்தகத்தையும் ஒரு நாளைக்குக் கொடுங்கள் என்றான்.

அகதாக்கா கல்யாணத்துக்காகத் தைப்பிங் போயிருந்தார். அவர் மகள் பெட்ரீசியா ஒன்றும் அறியாமல் புத்தகத்தை எடுத்துக் கொடுத்துவிட்டது. மறுநாள் கொண்டுபோனேன். சீனி ஜாகா கொட்டகையில் நின்றபடியே புரட்டினான். முன்னால் புரட்டினான், பின்னால் புரட்டினான்.

"அண்ணே, பதினாலாம் பக்கம்னு சொன்னீங்களா?"

"ஆமா. மனைவியோட சண்டை போடக்கூடாதுன்னு."

"இதில மொத்தமே எட்டுப் பக்கம்தான் இருக்கு."

"நல்லாப் பாரு."

"அட்டையோட சேத்து எட்டு."

கள்ளைப் பற்றி எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டேன். அவன் மறுபடி தேடினான். "தண்ணி படக்கூடாதுன்னு ஒரு வரி இருக்கு. அது மழைத் தண்ணி அண்ணே." பிறகு பட்டையில் இருந்த டப்பாவைத் திருகித் திறந்தான். உள்ளே பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. மூன்று மாதமாக நான் வெறும் டப்பாவை அமுக்கியிருக்கிறேன்.

அன்று வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது வழியெல்லாம் வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். வந்து, பட்டையைத் தரையில் எறிந்து, மூன்று மாதத்துக் கோபத்தை மொத்தமாக அவிழ்த்துவிட்டேன். ஏமாற்றுக்காரி என்றேன். அகதாக்காவின் பரம்பரையையே இழுத்தேன். எனக்குப் பட்டை நாமம் போடத்தான் இந்தப் பட்டையா என்று கேட்டேன். ஜன்னல்கள் திறந்தன. வீரம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்கும் வரை காத்திருந்தாள்.

"பேட்டரி எங்கே?" என்றேன்.

"எனக்குக் கை வெட்டிச்சே, அன்னிக்கே எடுத்துட்டேன்."

"அப்போ நாய் எப்படி உட்காந்துச்சு?"

"நீங்க மெதுவாச் சொன்னீங்க. உட்காந்துச்சு."

"மூணு மாசம் என்னை முட்டாளாக்கி வச்சிருக்கே."

அவள் கீரைத் தட்டைக் கீழே வைத்தாள். அப்போதுதான் அவள் கண்ணில் இருந்த கோபத்தைப் பார்த்தேன். என்னுடையதைவிடப் பழைய கோபம். "இருபத்தாறு வருசம் நீங்க கத்தினீங்க, நான் கேட்டேன். நான் மூணு மாசம்தான் படிச்சுக் காட்டச் சொன்னேன்" என்றாள்.

பதில் இல்லாதபோது ஆம்பளை என்ன செய்வான்? இன்றிலிருந்து எல்லாம் பழையபடிதான், இதோ கள்ளுக்கடைக்குப் போகிறேன், யார் தடுக்கிறார்கள் பார்க்கலாம் என்று யூனிபார்மைக் கழற்றி எறிந்துவிட்டுக் கைலியைக் கட்டினேன். அவள் தடுக்கவில்லை. "போயிட்டு வாங்க" என்றாள். அவ்வளவு மரியாதையாக. எனக்கு அதுதான் அதிகமாக எரிந்தது.

கள்ளுக்கடையில் என்னை மூன்று மாதம் கழித்துப் பார்த்ததும் பெஞ்சில் இடம் விட்டார்கள். குவளை வந்தது. கையில் எடுத்து வாயருகே கொண்டுபோகிறேன், கடைக்காரர் வாசலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்பாவு, உன்னைத் தேடி துரை வந்திருக்கு."

மூலையில் உட்கார்ந்திருந்த ராமையா கிழவர், பால்மரம் சீவிச் சீவி முதுகு வளைந்தவர், பழக்கதோஷத்தில் குவளையை மறைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

வந்தது நாய். கழுத்தில் பட்டை இல்லை. நேராக வந்து என் முன்னால் உட்கார்ந்து முகத்தைப் பார்த்தது. "வீட்டுக்குப் போ" என்று பழைய பெரட்டுக் குரலில் கத்தினேன். கடையே அடங்கியது. நாய் மட்டும் அசையவில்லை. குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்குப் போடா துரை" என்றேன். உடனே எழுந்தது. எழுந்து என் கைலி நுனியை வாயில் கவ்விக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தது.

ஒரு மனிதனுக்குக் கோபம் பெரிதா, கைலி பெரிதா? குவளையை அப்படியே வைத்துவிட்டு, இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். கடை முழுக்கச் சிரித்தது எங்கள் தெருமுனை வரை கேட்டது.

வீட்டு வாசலில் வந்துதான் அது கைலியை விட்டது. வீரம்மா அடுப்பில் எண்ணெய்ச் சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

"சொன்னபடியே கூட்டிட்டு வந்துட்டியா, துரை?" என்று சொல்லி, சுடச்சுட ஒரு வடையை ஊதி ஆற்றி அதற்குப் போட்டாள். பிறகு எனக்கும் ஒன்று கொடுத்தாள்.