ஒன்றரை வண்டியும் ஒன்றே முக்கால் குழந்தையும்

மெல்பர்னின் கரவாங் புறநகரில் ஒரு வீடு விற்கவில்லை என்றால் முன்பெல்லாம் விலையைக் குறைப்பார்கள். இந்த வசந்தத்தில் செட்ரிக் லாமைக் கூப்பிட்டார்கள். லாம் சுவரில் ஸ்டெதாஸ்கோப் வைத்து வீட்டின் மனக்குறையைக் கேட்பார். கேட்பது இலவசம். மணி அடித்துத் தீர்த்து வைக்க நாலாயிரம் டாலர்.

அன்று நோரீன் டக்வெல் வீட்டுப் புல்தரையில் காபிக் குவளைகளோடு முப்பது பேர். எழுபத்தொரு வயது நோரீன், கணவர் ரான் இறந்தபின், பெண்டிகோ நகரில் மகள் வீட்டருகே ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருந்தாள். வரும் சனிக்கிழமை ஏலத்தில் இது விற்காவிட்டால் அது கை நழுவிவிடும். போன சனிக்கிழமை ஏலத்துக்கோ ஓர் ஈ கூட வரவில்லை.

"வீட்டுல ஏதோ இருக்கு," என்றார் சிட்னியிலிருந்து புதிதாக வந்திருந்த தரகர். லாமை அழைத்து வந்ததும் அவரே.

லாம் கண்ணை மூடினார். "அறுபது தாண்டின ஒருத்தர். இத்தாலியிலேர்ந்து வந்த ஒரு நிழல். கடன் முடிஞ்ச வீடு. வண்டி ஒண்ணு... இல்ல, ஒண்ணரை."

"அரை வண்டியா?" என்றது ஒரு குரல்.

"ரானோட வண்டி பாதி நாள் ஓடாது," என்று உருகினாள் நோரீன். "முன்னாடி இங்க இருந்தவங்க இத்தாலிக்காரங்கதான்."

பணப்பையைத் திறந்தாள். எதிர்வீட்டு வெஸ்னா அவள் கையைப் பிடித்தாள். மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களை வீடு வீடாகக் கொடுத்தவள் வெஸ்னா.

"சார், எதிர்ல நாப்பத்தொண்ணாம் நம்பர். சாவி எங்கிட்ட இருக்கு. அதையும் கேளுங்களேன்."

அது யார் வீடென்று அக்கம்பக்கத்தாருக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டார்கள். தெருவின் நடுக்கோட்டோடு கரவாங் முடிகிறது, எதிர்ப்பக்கம் லின்ஃபீல்ட் புறநகர். லாம் கைப்பேசியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்தார். காது வைத்தார்.

"இளம் தம்பதி. பஞ்சாப்லேர்ந்து வந்தவங்க. கழுத்து வரைக்கும் கடன். குழந்தை ரெண்டு... சரியாச் சொன்னா, ஒண்ணே முக்கால்."

"இது என் வீடு," என்றாள் வெஸ்னா. "பெல்கிரேட்ல பொறந்தேன். வயசு அறுபத்தெட்டு. கல்யாணமே ஆகல. முக்கால் குழந்தைக்கு நான் எங்க போவேன்?"

தன் கைப்பேசியில் இரண்டு புறநகர்களின் மக்கள்தொகைக் கணக்கையும் திறந்து காட்டினாள். "அந்தப் பக்கம் வீட்டுக்குச் சராசரி வண்டி ஒண்ணரை. இந்தப் பக்கம் குடும்பத்துக்குச் சராசரி குழந்தை ஒண்ணே முக்கால். இவர் காதால கேக்கல, கண்ணால படிச்சிருக்கார்."

"சுவருக்குச் சுவர் அலைவரிசை மாறும்," என்று முனகியபடி லாம் மணியைப் பைக்குள் போட்டார்.

"அப்ப போன வாரம் ஏன் யாருமே வரல?" என்றாள் நோரீன்.

"சனிக்கிழமை மத்தியானம் ரெண்டரை மணிக்கு, ஏலம் நடக்கிறப்ப, நீ என்ன பண்ணிட்டிருந்த?" என்று கேட்டாள் வெஸ்னா.

நோரீன் தலை குனிந்தாள். "டிவில ஃபுட்டி கால்பந்து இறுதிப் போட்டி பாத்துட்டிருந்தேன்."

"மெல்பர்ன் மொத்தமும் அதைத்தான் பாத்துச்சு. ரான் உயிரோட இருந்திருந்தாலும் வாசலுக்கு வந்திருக்க மாட்டார்."

முப்பது தலைகளும் ஏல நேரத்தைக் குறித்த தரகர் பக்கம் திரும்பின. "எங்க சிட்னில வேற பந்து, ரக்பி," என்றார் அவர்.

அந்தச் சனிக்கிழமை ஏலத்தில் நாலு பேர் போட்டி போட்டார்கள். வீடு விற்றது. கூட்டம் கலையும்போது ஒரு பெண்மணி நோரீனை ஓரங்கட்டிக் கேட்டாள்: "வீட்டுல இருந்ததை யார் வந்து விரட்டினது, கண்ணு? அவர் நம்பர் குடேன்."

நோரீன் உள்ளே போய்ச் சமையலறை நாட்காட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

சுவரில் காது வைக்கத் தோன்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முதலில் உங்கள் இரண்டு காதுகளுக்கும் நடுவில் இருப்பதைத் தட்டிப் பாருங்கள். அங்கே யாராவது குடியிருக்கக்கூடும்.