ஒரு ஹாரன் என்றால் மிதித்தாயிற்று

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம், உன் அண்ணியும் நலம். நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பதைத் தவிர வீட்டில் வேறு குறை இல்லை. மாப்பிள்ளையின் முதுகுவலி தேவலையா? போனில் சொன்னால் பாதியிலேயே நீ சிரிக்க ஆரம்பித்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

"மாசக் கடைசிக்குள்ள பிரேக் சரியாகலேன்னா பழைய இரும்புக்குப் போட்டுடலாம் அண்ணா, இன்னும் எத்தனை வருஷம் அதைக் கட்டிக்கிட்டு அழறது" என்று அப்பாவின் காரைப் பற்றிச் சொன்னாயே, அன்றே வேலையைத் தொடங்கிவிட்டேன். பிரேக் ஆயில் கறுத்துப் போயிருந்தது. பரண்மேல் அப்பா பாதி மீதி வைத்திருந்த ஆயில் டப்பா கிடந்தது, வாயில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு. அவர் கை பட்ட டப்பாவாயிற்றே என்று அதையே ஊற்ற நினைத்தேன். நல்லவேளை, உதிரிபாகக் கடைக்காரரிடம் முதலில் காட்டினேன். "திறந்து வெச்சா காத்துல இருக்கிற ஈரத்தையெல்லாம் குடிச்சுடும் சார். இதை ஊத்தினா பிரேக்கை நம்பாதீங்க, கடவுளை நம்புங்க" என்றார். பிறகு மூன்று, நான்கு, ஐந்து என்று எண் போட்ட புட்டிகளை வரிசையாக வைத்தார். பரீட்சை மார்க் போல எண் கூடக்கூட நல்லது என்று நினைத்து ஐந்தைக் கேட்டேன். அது இந்த வண்டியில் இருப்பதோடு சேராது, வண்டியில் ஆயில் ஊற்றுகிற இடத்து மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மூடியில் எழுத்து தேய்ந்து வருஷங்கள் ஆகின்றன. ஆனால் எனக்குத் தெரியும். அப்பா மூக்குக்கண்ணாடியை வேண்டுமென்றே வீட்டுக்குள் வைத்துவிட்டு வருவார், நீ பம்பரில் ஏறி நின்று, மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற குரலில் "டாட் மூணு" என்று படிப்பாய். நாலும் ஊற்றலாம் என்றார் கடைக்காரர். எனக்கு மனம் வரவில்லை. மூன்றே வாங்கினேன்.

ஊற்றுவதற்குப் புனல் வேண்டும். வீட்டில் இருப்பது ஒரே புனல், அது சமையலறையில் இருந்தது. உன் அண்ணியின் மௌனம் அங்கே ஆரம்பித்தது. போதாததற்குக் கொஞ்சம் மட்கார்டில் சிந்தியது. சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்று, துடைக்காதே என்று அப்பா தலைப்பாடாகச் சொல்லுவார். நான் துடைத்தேன். பெயிண்ட் துணியோடு வந்துவிட்டது. அவர் ஓய்வு பெற்றபோது அடித்த சாம்பல் நிறத்துக்கு அடியில், உள்ளங்கை அகலத்துக்கு, நம்மைப் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு போன அந்த நீலம் தெரிகிறது.

இனி பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். இது ஒற்றை ஆள் வேலை இல்லை என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. அப்பா அடியில் படுத்துக்கொண்டு "மிதி" என்பார். நீ நுனிக்காலால் எட்டி மிதித்து "மிதிச்சிட்டேன்பா" என்பாய். அவர் சக்கரத்தின் உள்பக்கத் திருகைத் திறப்பார், நான் கண்ணாடிக் குப்பியில் குமிழிகளைப் பார்ப்பேன், அவர் மூடிவிட்டு "விடு" என்பார். இப்போது மிதிக்க உன் அண்ணிதான். பேசாதவள் எப்படிப் பதில் சொல்வாள்? ஒரு ஹாரன் என்றால் மிதித்தாயிற்று, இரண்டு என்றால் விட்டாயிற்று என்று தாளில் எழுதி நீட்டினாள். நன்றாகத்தான் போயிற்று. எதிர்வீட்டுக்காரர் மட்டும் இரண்டு தடவை வாசலுக்கு வந்து பார்த்தார். கடைசிச் சக்கரத்தின்போது பள்ளி வேன் ஒன்று தெருவில் நின்று ஒரே ஒரு ஹாரன் அடித்தது. நான் திருகைத் திறந்தேன். அவள் மிதிக்கவில்லை, அப்போதுதான் பெடலிலிருந்து காலை எடுத்துக்கொண்டிருந்தாள்; போன காற்றில் கொஞ்சம் திரும்ப உள்ளே புகுந்திருக்கும். மேலும், காற்றை அப்பா எப்போதும் பெடலுக்கு ரொம்பத் தள்ளியிருக்கும் தூரத்துச் சக்கரத்திலிருந்துதான் எடுக்க ஆரம்பிப்பார். நான் நிழல் இருந்த பக்கத்திலிருந்து ஆரம்பித்திருந்தேன்.

ஆனாலும் கவலைப்படாதே. நேற்றுத் தெருமுனை வரை ஓட்டினேன், பிரேக் கல்லுப்போல நிற்கிறது. இரும்புக் கடைக்காரரிடம் இந்தப் பக்கமே வராதீர்கள் என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளைக்கு என் வணக்கம். பிள்ளைகள் எங்கிருந்தாலும் நல்லபடியாகப் போய் நல்லபடியாக நிற்கட்டும்.

உன் அண்ணன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில், காரை நிழலுக்கு நகர்த்தப் போன உன் அண்ணி திரும்பி வந்து, இத்தனை நாளுக்குப் பிறகு முதல் வார்த்தை பேசினாள்: "பெடல் தரை வரைக்கும் போகுது." கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தினாளாம். போய்ப் பார்த்தேன், போகத்தான் போகிறது. ஆகவே மேலே உள்ள வெற்றிச் செய்தியை நம்பவேண்டாம். எதிர்வீட்டுக்காரர் ஹாரனுக்குத் தடை போட்டுவிட்டார். புதுப்புனல் வராமல் பெடலில் கால் வைப்பதில்லை என்று அண்ணியும் சொல்லிவிட்டாள். இரும்புக் கடைக்காரரை நீ அழைப்பதானால் அழைத்துக்கொள். ஆனால் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் வந்துவிட்டுப் போ. பழைய செருப்பு போட்டுக்கொண்டு வா. இந்தத் தடவை தூரத்துச் சக்கரத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன். நான் அடியில் படுத்திருப்பேன், மிதித்ததும் சத்தமாகச் சொல்.