எம்.பி. அழகுமீனாவின் நிலைப்பாடுகள் குறித்து அவர் அண்ணனுக்கு

சிவகாசி

மதிப்பிற்குரிய மச்சான் இராமகிருஷ்ணன் அவர்களுக்கு, உங்கள் தங்கை கணவன் சீனிவாசகம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் கிரைண்டரும் நலம். உங்கள் தங்கை டெல்லியில் நலமாக இருப்பதை டிவியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சென்னையில் நீங்களும் அக்காவும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருக்கப் பத்திரகாளியம்மன் துணை.

நம் அழகுமீனா எம்.பி. ஆனதிலிருந்து, நடைப்பயிற்சி நண்பர்கள் "தேசியப் பிரச்சனைகளில் உங்க தங்கச்சி நிலைப்பாடு என்ன?" என்று கேட்பதாகவும், பதில் தெரியாமல் நீங்கள் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வதாகவும் சொன்னீர்கள். இனிக் குனிய வேண்டாம். பழைய நெறிகளைக் காப்பதுதான் நம் கட்சியின் கொள்கை என்பது உங்களுக்கே தெரியும். அந்நியச் சரக்கு கூடாது என்பது அவள் முதல் நிலைப்பாடு. அதைச் சொன்ன அன்றே வீட்டைச் சோதித்து, நீங்கள் சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த முழங்கால் மசாஜரைப் பரணில் ஏற்றிவிட்டாள். அதை எடுக்கப் பரணில் ஏற என் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. வரியைக் குறைக்க வேண்டும் என்பது இரண்டாவது. அதில் எனக்கு எந்தச் சேதமும் இல்லை. குடும்பமே தேசத்தின் அஸ்திவாரம், பெண் அதன் தூண் என்பது மூன்றாவது. இதை அவள் டெல்லி மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கிய நேரத்தில், அஸ்திவாரம் இங்கே சாம்பாருக்கு இரண்டாம் முறை உப்புப் போட்டுக்கொண்டிருந்தது. இருந்தாலும் மச்சான், அவள் பேசியதைக் கேட்டபோது அந்தச் சாம்பாரே எனக்கு இனித்தது.

போன ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் தொகுதி மக்களுக்குத் தன் நிலைப்பாடுகளை விளக்க ஏற்பாடு செய்திருந்தாள். மதுரைக்கு வர வேண்டிய விமானம் தாமதம். கூட்டம் கலையாமல் இருக்க மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்கள். "தேசப் பாதுகாப்பு?" என்றார் ஒருவர். "முழு ஆதரவு" என்றேன். "எல்லைப் பிரச்சனை?" என்றார் இன்னொருவர். எனக்குத் தெரிந்த எல்லைப் பிரச்சனை, பக்கத்து வீட்டு ஊர்க்காவலன் காம்பவுண்டுச் சுவரை நம் பக்கம் தள்ளிக் கட்டியதுதான். அது ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டதே என்ற கோபத்தில், "ஒரு அங்குலம் விட மாட்டோம். பேச்சுக்கே இடமில்ல. தேவைப்பட்டா இடிப்போம்" என்றேன். மண்டபம் அதிர்ந்தது. மறுநாள் பேப்பரில், "அண்டை நாட்டுடன் பேச்சு இல்லை: எம்.பி. கணவர் அதிரடி" என்று போட்டிருந்தார்கள். டெல்லியிலிருந்து யாரோ போன் செய்து இந்தியில் பாராட்டினார். பாராட்டு என்றுதான் நினைக்கிறேன்.

அழகுமீனா வந்து சேர்ந்ததும், பட்டாசுக் கம்பெனி முதலாளி சிவபாண்டி சால்வையோடு மேடையேறினார். "யம்மா, நீங்க நம்ம ஆளு. அதிகாரிக சொல்லாமக் கொள்ளாம வந்து சோதனை போடக் கூடாதுன்னு கட்சி மசோதா கொண்டாருது. நீங்க முன்னால நின்னு பேசணும்" என்றார். ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளியாக நீங்கள் போனில் சொன்னதும் அதே விஷயம்தான். அவள் கட்சியும் அதே பக்கம், பணம் போட்டு ஜெயிக்க வைத்தவர்களும் அதே பக்கம். நான் மைக்கை அவள் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக நகர்ந்தேன்.

அவள் சால்வையை மடித்து மேசைமேல் வைத்தாள். "அண்ணாச்சி, நான் பழசக் காப்பாத்துற கட்சிதான். எங்க அப்பா கம்பெனி நடத்துன காலத்து வழக்கம் என்ன? காலையில வெடிமருந்து ரூமுக்குள்ள மொதக் கால் மொதலாளி கால்தான். அவுக உள்ள போயிப் பாத்து வந்தாத்தான் பொம்பளைக உள்ள போவாக. அந்த வழக்கத்த நீங்க எல்லாரும் திரும்பக் கொண்டாங்க. அதிகாரிய வர வேண்டாம்னு நானே சொல்லுதேன்" என்றாள்.

முன்வரிசை முதலாளிகள் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களிடமிருந்து எழுந்த கைதட்டலில் மைக் கூவென்று கத்தியது. சிவபாண்டி மட்டும் மெதுவாக, "எங்க அய்யாவும் அப்படித்தான் போவாக" என்றார்.

புதன்கிழமை மக்களவையிலும் அதையே பேசிவிட்டாள். சோதனையைத் தடுக்கும் அந்தப் பிரிவை என்னால் ஆதரிக்க முடியாது என்று, சொந்தக் கட்சி பெஞ்சில் நின்றுகொண்டே. வியாழக்கிழமை கட்சியிலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ். "பதவி போயிருமோ?" என்று போனில் கேட்டேன். "போனா வந்து சாம்பார சரி பண்ணுதேன், விடுங்க" என்றாள். மச்சான், நீங்கள் சென்னையில் இருக்க, இங்கே உங்கள் கம்பெனியை மேனேஜர்தான் பார்த்துக்கொள்கிறார், அதனால் உங்களுக்கு வருத்தம் இருக்கும். ஆனால் மாமாவின், அதாவது உங்கள் அப்பாவின், பெயரை ஒருமுறைகூட உச்சரிக்காமல், அவர் நடந்த நடையை டெல்லி வரை கொண்டுபோனது உங்கள் தங்கை. சொந்தக் கட்சியையே இவள் எதிர்த்து நின்றாள் என்று நண்பர்களிடம் தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கமும் பேரப்பிள்ளைகளுக்கு ஆசியும். அம்மன் எல்லோரையும் நிழலில் வைக்கட்டும்.

இப்படிக்கு,
பெருமை தாங்காத
சீனிவாசகம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போன நேரத்தில் டிவியில் செய்தி. அந்தப் பிரிவைக் கட்சி கைவிட்டுவிட்டதாம். திடீர்ச் சோதனை வேண்டும் என்பதுதான் தங்கள் நிலைப்பாடு, அன்றும் இன்றும் அதுவே என்று தலைவர் பேட்டி கொடுக்கிறார். பக்கத்தில் அழகுமீனா சிரிக்காமல் நிற்கிறாள். ஆகவே மசோதா, எதிர்ப்பு, நோட்டீஸ் என்று மேலே எழுதிய எதுவும் நடக்கவில்லை. நண்பர்களிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். படித்ததும் கிழித்துவிடவும்.