நாலெழுத்துச் சொத்து

இனிமேல் மண்ணில் ஒரு ரூபாய்கூடப் போடுவதில்லை என்று வெங்கடபதி முடிவு கட்டியது தொண்ணூற்றேழு ஐப்பசியில். மண்ணுக்குப் பட்டா வேண்டும், வேலி வேண்டும், பக்கத்துக் காட்டுக்காரனோடு சண்டை வேண்டும். பெயருக்கு இதெல்லாம் வேண்டியதில்லை. அமெரிக்காவில் எவனோ இன்டர்நெட்டில் ஒரு குட்டி டாட் காம் பெயரைப் பதிந்து வைத்து, அதை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டு, வேலையை விட்டுவிட்டு, இப்போது மீன் பிடித்துக்கொண்டிருக்கிறானாம். இதைக் கேட்டதிலிருந்து அவருக்குப் பம்பு கம்பெனி ஃபோர்மேன் உத்தியோகம் கசந்துவிட்டது.

சொன்னவர் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர் பங்காரு. காந்திபுரத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவர், அதில் பாதியைப் பலகையால் தடுத்து, இரண்டு கம்ப்யூட்டரை வைத்து, பிரவுசிங் சென்டர் ஆக்கியிருந்தார். பெயர் எத்தனைக்கெத்தனை சின்னதோ, விலை அத்தனைக்கத்தனை பெரிது என்பது பங்காருவின் கட்சி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருவரும் தேடினார்கள். மூன்றெழுத்தெல்லாம் போயிருந்தது. நாலெழுத்தில் அர்த்தமுள்ளதெல்லாம் போயிருந்தது. அர்த்தமில்லாததில் ஐந்து அகப்பட்டது. பங்காருவின் அண்ணன் நியூஜெர்சியில் தன் கார்டில் கட்டினார். இங்கே வெங்கடபதி சீட்டு எடுத்த பணத்தைப் பங்காருவிடம் கொடுத்துவிட்டு, பக்கத்துக் கணபதி ஏரியாவிலிருந்த தம் வீட்டுக்கு ஜமீன்தாரைப் போலத் திரும்பினார்.

சீட்டுப் பணம் எங்கே என்று மனைவி ராமாமணி கேட்கும்வரை அந்த ஜமீன் நீடித்தது. எட்டு நாள்.

ராமாமணி சென்னிமலையிலிருந்து பெட்ஷீட் எடுத்து வந்து காந்திபுரத்து லாட்ஜுகளுக்குப் போடுகிறவள். லாட்ஜ் மேனேஜர்களே அவளிடம் பேரம் பேசப் பயப்படுவார்கள். கோபம் வந்தால் தெலுங்கில் பேசுவாள். அதையும் தாண்டிய கோபம் வந்தால் மரியாதையான தமிழில் பேசுவாள். அன்றைக்குத் தமிழில் பேசினாள்.

"என்னங்க வாங்கியிருக்கீங்க?"

"பேரு."

"என்ன பேருங்க?"

"இசட், யூ, கியூ, ஓ. அந்த மாதிரி அஞ்சு."

"அப்படின்னா?"

"அர்த்தம் ஒண்ணுமில்ல அம்மணி. அதுதான் விசேசம்."

"அர்த்தமில்லாததுக்கு இந்த ஊட்ல பஞ்சமா இருக்குது? காசு குடுத்து வேற வாங்கோணுமுங்களா?"

அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமலிருந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை. சனிக்கிழமைதோறும் பங்காருவின் கடைக்குப் போய் மெயில் பெட்டியைத் திறப்பார். காலியாக இருக்கும். நெட் கட்டாகி மறுபடி கிடைத்ததும் இன்னொரு தரம் திறப்பார். இன்னும் காலியாக இருக்கும். நேரில் விற்கப் போனபோது மில் முதலாளி ஒருவர் வாசல்வரைக்கும் விட்டார், உள்ளே விடவில்லை. மேட்டுப்பாளையத்துப் பாக்கு மண்டிக்காரர் மட்டும் ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, சரக்கு எந்தக் குடோனில் இறங்கியிருக்கிறது என்றார்.

தொண்ணூற்றொன்பதில் பதிவின் இரண்டு வருஷத் தவணை முடிந்தது. மறுபடி பணம் கட்டாவிட்டால் ஐந்து பெயரும் கைவிட்டுப் போய்விடும். அதற்கும் அமெரிக்காவிலிருந்து காகிதம் வந்தது. இரண்டு வருஷத்தில் அவரைத் தேடி வந்த ஒரே கடிதம் அது. கூச்சத்தை விட்டு மனைவியிடம் கேட்டார்.

"வாங்கறேன்னு ஒரே ஒருத்தரு வரட்டுமுங்க," என்றாள் ராமாமணி. "அட்வான்ஸ் கைக்கு வந்துட்டா அஞ்சுக்கும் நானே கட்டறேன்."

யாரும் வரப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆகவே ஒருத்தரை அவரே உண்டாக்கினார். இலவச மெயில் பெட்டி ஒன்று திறந்து, அதற்கு டேனியல் பார்க்கர், டெக்சாஸ் என்று பெயர் வைத்தார். பார்க்கர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார்: ரெஸ்பெக்டட் சார், தங்கள் இசட் யூ கியூ ஓ-வை இரண்டாயிரம் டாலருக்கு வாங்கப் பிரியப்படுகிறேன், கைண்ட்லி டூ த நீட்ஃபுல்.

அச்சடித்த தாளை ராமாமணி இரண்டு முறை படித்தாள். நல்ல மரியாதை தெரிஞ்ச வெள்ளைக்காரர் என்றாள். விலாசத்தைத் தன் பெட்ஷீட் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை பார்க்கரின் பெட்டியில் ஒரு கடிதம் கிடந்தது. வெங்கடபதிக்கு வியர்த்துவிட்டது. எழுதியிருந்தவள் ராமாமணி. இந்த வியாபாரத்தை இனி நான் பார்க்கிறேன், விலை ஐயாயிரம் டாலர், என்று நல்ல இங்கிலீஷில் எழுதியிருந்தாள். மெயில் கற்றுக்கொடுத்தவர் பங்காரு. தங்கச்சி கேட்டால் மாட்டேனென்று சொல்ல முடியுமா என்று அவர் மேலே ஓடிய ஃபேனைப் பார்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்து வெங்கடபதி தம் பெண்டாட்டியோடு டெக்சாஸிலிருந்து பேரம் பேச வேண்டியதாயிற்று. கணபதியில் இருந்துகொண்டே ஜெயிக்க முடியாதவர், டெக்சாஸில் இருந்துகொண்டு என்ன செய்வார்? ஐயாயிரம் கட்டாது என்று பார்க்கர் கெஞ்சினார். ஆறாயிரம் என்று பதில் வந்தது. பழைய விலையே பரவாயில்லை என்று பார்க்கர் இறங்கி வந்தார். வீட்டில் ராமாமணி தட்டில் தோசையை வைத்துக்கொண்டே, உங்க வெள்ளைக்காரன் வடிகட்டின கஞ்சனுங்க என்றாள். பாவம், அந்தாளுக்கு என்ன கஷ்டமோ என்று வெங்கடபதி பார்க்கருக்காகப் பரிந்து பேசினார். பார்க்கரின் கஷ்டம் அவரைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

மூன்றாவது வாரம் இடி விழுந்தது. பம்பாய்ப் பார்ட்டி ஒன்று வந்திருக்கிறது, வருகிற வெள்ளிக்குள் பதினைந்தாயிரம் ரூபாய் அட்வான்ஸ் என் பேரில் டிராஃப்டாக வராவிட்டால் அவர்களுக்கே கொடுத்துவிடுவேன், என்று பார்க்கருக்கு எழுதிவிட்டாள்.

வெங்கடபதி அந்த ராத்திரி தூங்கவில்லை. பம்பாய்க்காரன் நிஜமாகவே வந்துவிட்டானா? அப்படியானால் அந்தப் பெயருக்கு மவுசு வந்துவிட்டது. இரண்டு வருஷம் காத்த சொத்து, விலை ஏறுகிற நேரத்தில் கைமாறிப் போவதா? போதாததற்கு, அட்வான்ஸ் வந்தால் ஐந்துக்கும் தானே கட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். கூட்டிக் கழித்துப் பார்த்தால், கொடுத்த பணம் எப்படியும் வீட்டுக்குள்தான் சுற்றும்.

ஸ்கூட்டரை விற்றார். பன்னிரண்டு வருஷம் அவரைச் சுமந்த வண்டி. வாங்கினவன் அதை உதைத்துக் கிளப்பியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். ராமாமணியிடம் இன்ஜின் போய்விட்டது, மெக்கானிக்கிடம் கிடக்கிறது என்றார். டிராஃப்ட் எடுத்து, சென்னை போகிற லாரிக்காரர் ஒருவரிடம் கொடுத்து, அங்கிருந்து தபாலில் போடச் சொன்னார். பார்க்கருக்குச் சென்னையில் ஏஜெண்ட் இருப்பதாக ஒரு கடிதமும் எழுதினார்.

வியாழக்கிழமை கவர் வந்தது. ராமாமணி டிராஃப்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பேங்குக்குப் போய்விட்டு வந்தாள்.

தவணைக்கு எப்போது கட்டுவது என்று வெங்கடபதி தணிந்த குரலில் கேட்டார். மீதிப் பணம் வரட்டுமுங்க, சேர்த்துக் கட்டலாம் என்றாள். கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்தது. கெடு நாள் வந்தது, போனது. ஐந்து பெயரும் போயின. மறுநாள் காலையில் அவருக்குப் பல் விளக்கக்கூடத் தோன்றவில்லை. பெயரும் இல்லை, வண்டியும் இல்லை, சீட்டும் இல்லை. பார்க்கர் ஒருவர்தான் மிச்சம்.

கடைசி அஸ்திரமாகப் பார்க்கர் எழுதினார்: மேடம், என் கம்பெனி திவாலாகிவிட்டது, மனைவி மக்களோடு நடுத்தெருவில் நிற்கிறேன், அட்வான்ஸைத் திருப்பித் தந்தால் புண்ணியமாகப் போகும். எழுதியதில் பொய் குறைவாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே காந்திபுரம் போய்ப் பதிலைத் திறந்தார். இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக எழுதியிருந்தாள்.

"பார்க்கர் சாருக்கு வணக்கமுங்க. உங்க நெலமையப் படிச்சு மனசு கஷ்டமாப் போச்சு. அட்வான்ஸ் திரும்பி வராதுங்க, சென்னிமலைக்கு அனுப்பி நூறு பெட்ஷீட்டுக்குச் சொல்லிப்போட்டேன். பம்பாய்ப் பார்ட்டின்னு யாருமில்லீங்க. உங்களையாட்டவே நானும் ஒருத்தர உண்டாக்கினேன். சாயங்காலம் பஸ்ஸுல கூட்டம் நெறையா இருக்கும், மூணு மணிக்கே கெளம்பீருங்க. வரும்போது அரைக் கிலோ சின்ன வெங்காயம் வாங்கிட்டு வாங்க, டெக்சாஸ்ல வெல சாஸ்தியா இருந்தா காந்திபுரத்துலயே வாங்கிக்குங்க."