வெள்ளித் தாளில் வந்த பெரியப்பா

செத்துப்போனவர்களுக்கு எங்கள் ஊரில் அந்த வருடம் நல்ல கிராக்கி. உயிரோடு இருந்தவரை ஒரு வாய் தண்ணீர் கொடுக்காத பிள்ளைகள்கூட அப்பாவைப் பார்க்க வேண்டுமென்று விடிந்தும் விடியாததுமாக வந்து வரிசையில் நின்றார்கள். வரிசையின் தலை நிழலய்யாவின் ஸ்டூடியோவில் இருந்தது. வால் தெருமுனைக் குப்பைத்தொட்டியைத் தாண்டியும் போயிற்று.

நிழலய்யா ஒரு புகைப்படக்காரர். கைப்பேசி வந்து ஊரில் எல்லாரையும் புகைப்படக்காரர் ஆக்கிவிட்டதால் கொஞ்ச காலம் ஈ ஓட்டினார். பிறகு கறுப்பு அங்கி ஒன்றை மாட்டிக்கொண்டு ஆவிகளைப் படம் பிடிக்கத் தொடங்கினார். கைப்பேசியில் ஆவி விழாதாம். பழைய ஃபிலிமிலும் தாளிலும் வெள்ளி கலந்திருக்கிறதாம், ஆவிகளுக்கு வெள்ளி என்றால் உயிராம். உயிரே இல்லாதவர்களுக்கு அது எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் வரிசையில் இடம் போய்விடும் அல்லவா?

முதலில் நம்மை ஒரு படம் எடுப்பார். இறந்தவரின் பழைய படம் ஒன்றையும் நாமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அது "அழைப்புக்கு". ஒரு வாரம் கழித்துப் போனால் இருட்டறைக்குள் கூட்டிப்போவார். சிவப்பு விளக்கு, புளித்த வாடை, தட்டு நிறையத் தண்ணீர்போல ஏதோ ஒன்று. பெட்டியிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்து நம் கண்ணெதிரே முக்குவார். தாளில் மெல்லப் புகை படரும். நம் முகம் வரும். பின்னாலேயே செத்துப்போன அப்பா வருவார். ஒருவருக்குச் சுவர்க்கடிகாரத்திலிருந்து தாத்தாவின் தலை முளைத்தது. இன்னொருவருக்கு உள்ளங்கையில் மனைவியின் கண் விழித்துப் பார்த்தது. சும்மா சொல்லக் கூடாது, மனிதருக்குக் கலை கைவந்திருந்தது. அவற்றைக் கலை என்று சொல்லிச் சுவரில் மாட்டியிருந்தால் நானே போய்க் கைதட்டியிருப்பேன்.

வங்கி மேலாளர் டை கட்டிக்கொண்டு வந்து அழுதுவிட்டுப் போனார். அறிவியல் வாத்தியார் சிபாரிசு பிடித்து வரிசையில் முன்னால் நுழைந்தார். தாள் முதலில் வெள்ளையாகத்தானே இருந்தது, நான் பார்த்தேனே என்பதுதான் எல்லாருடைய வாதமும். முன்கூட்டியே இருட்டறையில் ஒரு படத்தின் ஒளியைப் பாய்ச்சி வைத்த தாளும் மருந்தில் நனைகிறவரை வெள்ளையாகத்தான் இருக்கும். இது வாத்தியாருக்கும் தெரியும். தெரிந்ததை அவர் பள்ளிக்கூடத்திலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

கடைத்தெருவில் தையல்கடை வைத்திருந்த ஓர் அம்மாவுக்குக் கணவர் போய் வருடம் திரும்பவில்லை. அவருக்கு வந்த படத்தில் தையல் மிஷின் சக்கரத்துக்குள்ளிருந்து கணவர் எட்டிப்பார்த்தார். நிழலய்யா நெடுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, கடை அவரைக் கட்டிப்போட்டிருக்கிறது, அதைக் கைமாற்றினால்தான் அவருக்கு விடுதலை என்றார். யார் கைக்கு? ஆவிகள் வந்து இளைப்பாற நிழலய்யா ஒரு மண்டபம் கட்டப்போகிறார், அவர் கைக்கு. கடைத்தெருவில் முக்கு மனை எவ்வளவு நல்லதென்று செத்தவருக்குக்கூடத் தெரிந்திருந்தது.

அந்த அம்மாவுக்கு அந்தக் கடையை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. இருந்தும் எழுதிக்கொடுக்கச் சம்மதித்துவிட்டார். அவருடைய தங்கைக்குத் தூக்கிவாரிப்போட்டது. தங்கை பஸ் கண்டக்டர். சீட்டு வாங்காத சொந்தச் சித்தப்பாவையே இறக்கிவிட்டவள். படத்தை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"அக்கா, அத்தான் சட்டையில மூணாவது பட்டனைக் காணோம் பாரு. நீ இவர்கிட்ட குடுத்த பழைய படம் எடுத்த அன்னிக்குத்தானே அறுந்துது? சாயங்காலமே நீ தச்சுக் குடுத்தே. அதே சட்டையைப் போட்டுத்தானே அவரைக் கடைசியா அனுப்பினோம், அப்ப பட்டன் இருந்துதே. இப்ப எங்க போச்சு?"

அக்கா படத்தை வாங்கிப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"அங்க தச்சுக் குடுக்க யாருடி இருக்கா அவருக்கு?"

தங்கைக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கொஞ்சம் அழுதாள். இந்த மாதிரி அன்பிடம் பேசிப் பயனில்லை என்று விளங்கிப்போயிற்று. மறுநாள் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, கறுப்புவெள்ளையில் அச்சடித்து, கசக்கி, தேநீரில் நனைத்துக் காயவைத்தாள். அதை எடுத்துக்கொண்டு நிழலய்யாவிடம் போய், எங்க பெரியப்பா, போய்ச் சேர்ந்துட்டார், ஒரு தடவை பார்க்கணும் என்று மூக்கைச் சிந்தினாள். பழைய ஸ்டூடியோ படங்களில் எல்லாருமே பவுடர் அப்பிக்கொண்டு விறைத்துத்தான் நிற்பார்கள். நிழலய்யாவுக்குச் சந்தேகம் வரவில்லை.

அக்கா கையெழுத்துப் போடவேண்டிய நாளும் வந்தது. ஸ்டூடியோக் கூடம் நிரம்பி வழிந்தது. எனக்கு முதலில் பார்த்துவிடுங்கள், டியூட்டிக்குப் போகவேண்டும் என்று தங்கை கெஞ்சினாள். அக்காவையும் கூட்டிக்கொண்டு இருட்டறைக்குள் போனாள். தாள் நனைந்தது. தங்கை நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவள் தலைக்குமேல் மேகத்தைப் பிளந்துகொண்டு கண்ணாடி போட்ட பெரியப்பா கம்பீரமாக எழுந்தருளினார்.

சொட்டச் சொட்டப் படத்தைக் கூடத்துக்குக் கொண்டுவந்து தூக்கிக் காட்டினார் நிழலய்யா. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"ஏதோ பேசணும்னு துடிக்கிறார். வாய் திறக்க முடியல. இருந்தப்பவே அதிகம் பேசமாட்டாரோ?"

"ஒரு வார்த்தை பேசினதில்லங்க," என்றாள் தங்கை.

"கல்யாணம்?"

"ஆகல."

"அந்தக் குறைதான். வலது தோள்ல வலின்னு வேற சொல்றார்."

"சரியாச் சொன்னீங்க. அந்தக் கை அடிக்கடி கழண்டு விழுந்துடும்."

நிழலய்யா அதற்கும் தலையாட்டினார். ஒரு கணம் கழித்துத்தான் ஆட்டத்தை நிறுத்தினார். அதற்குள் அக்கா படத்தின் அருகில் வந்துவிட்டார். உடைந்து ஒட்டவைத்த காதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது என் கடை வாசல்ல நிக்கிற பொம்மை. தினமும் காலையில நான்தானே இதுக்குச் சட்டை மாட்டறேன்."

கடையின் அகலத்தை அளந்து வைத்திருந்த நிழலய்யா, அதன் வாசலில் நின்றவனை ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. ஆனாலும் மனிதர் லேசில் விடவில்லை. ஏதோ ஒரு பாவப்பட்ட ஆத்மா பொம்மைக்குள் புகுந்திருக்கிறது என்று ஆரம்பித்தார். இரண்டொருவர் தலையாட்டவும் செய்தார்கள்.

அக்கா காதில் வாங்கவில்லை. நேரே இருட்டறைக்குள் போய் வெள்ளை விளக்கைப் போட்டார். திறந்து கிடந்த பெட்டியில் வெளிச்சம் பட்டுத் தாளெல்லாம் பாழாயிற்று. மேசையில் ஊரார் கொடுத்த படங்கள் கிடந்தன. பக்கத்தில், அவற்றைப் பார்த்து எடுத்த ஃபிலிம்கள். தலை மட்டும் வெட்டிய ஃபிலிமை மேகத்தோடு ஒரு சட்டத்தில், சக்கரத்தோடு ஒரு சட்டத்தில் என்று சேர்த்துச் சொருகியிருந்தார் நிழலய்யா. ஒரு மேகமே பலபேருக்கு உழைத்திருந்தது. கணவரின் படத்தைக் கண்டெடுத்து அக்கா மார்போடு அணைத்துக்கொண்டார். ஏமாந்த அவமானத்தைவிட, அவர் வரவே இல்லை என்பதுதான் அவரைக் குலுக்கியது. தங்கை தோளைப் பிடித்துக்கொண்டாள்.

நிழலய்யா பின்வாசலைத் தேடினார். கறுப்பு அங்கி கதவுத் தாழ்ப்பாளில் மாட்டிக்கொண்டது. போலீஸ் வரும்வரை ஆவி பிடிக்கிறவர் அப்படியே பிடிபட்டு நின்றார்.

வாசலில் வங்கி மேலாளர் அக்காவை மறித்தார்.

"மத்ததெல்லாம் பொய்தான். எங்க அப்பா வந்தது மட்டும் நிஜமா இருக்கலாம்ல?"

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க அப்பா படத்தை அவன் கையில யார் சார் குடுத்தது?"

மேலாளர் டையைத் தளர்த்திக்கொண்டார்.

நிழலய்யா ஜெயிலுக்குப் போனால் இன்னொருவன் வருவான். சிவப்பு விளக்குக்குப் பதில் வேறு விளக்கு ஏற்றுவான். வரிசையில் நிற்பதற்குமுன் நீங்கள் யோசிக்க வேண்டியது ஒன்றுதான்: செத்தவரையே கூப்பிடத் தெரிந்தவனுக்கு அவர் முகம் எப்படி இருக்கும் என்று தெரியாதா?