கோட்டுப் போட்ட கோலாட்டம்

பதவி கிடைத்தால் சிலருக்குத் தலைக்கனம் வரும். எனக்கு முதலில் கோட்டு வந்தது. கனம் பின்னாலேயே வந்து சேர்ந்தது.

பல்கலைக்கழக நுண்கலைக் கழகத்துக்கு நான் தலைவரான ஆண்டு அது. எனக்கு ஆடத் தெரியாது, பாடத் தெரியாது, மேளத்தை ஒழுங்காகத் தூக்கக்கூடத் தெரியாது. (தெரிந்தவர்களுக்குப் பயிற்சிக்கே நேரம் போதவில்லை. தேர்தலில் எங்கே நிற்பது?) செயலவையில் மற்றவர்களும் என் ரகம்தான். மெரூன் கோட்டு, நெஞ்சில் பெயர் வில்லை, முகத்தில் நாட்டையே சுமக்கும் கவலை. அதிலும் செயலாளர் தினேஷ், எந்தக் கூட்டத்திலும் என் நாற்காலியில் பாதியை எடுத்துக்கொண்டுதான் உட்காருவான்.

ஈப்போவில் ஒரு மண்டபத்தில் கலைவிழா. சிறப்பு விருந்தினர், அரசு விருதுப் பட்டம் பெற்ற ஒரு டத்தோ. செமோர் பக்கம், நாங்கள் முன்பு இருந்த தோட்டத்து ஆட்களை ஒரு வேன் நிறையத் திரட்டிக்கொண்டு அம்மா வந்திருந்தார். மகன் தலைவனாயிற்றே!

டத்தோவை வரவேற்க முன்வாசலில் நின்றோம். அந்த நேரம் பார்த்து கோலாட்டப் பெண்கள் சலங்கை குலுங்க அந்த வழியாகவே வந்தார்கள்.

“இது வி.ஐ.பி. வழி. ஆடறவங்கல்லாம் பின்னால போங்க” என்றேன்.

குழுவை நடத்திய முதலாமாண்டு மாணவி கவிதா நின்றாள். “பின்னால பூட்டியிருக்கு அண்ணே. வெயில் மண்டையப் பொளக்குதுலா.”

“அங்கயே நில்லுங்க, தெறப்பாங்க.”

யார் திறப்பார்கள் என்று எனக்கே தெரியாது. அதற்குள் டத்தோவின் கார் வந்துவிட்டது. (மாலை போடுவது யார் என்று எனக்கும் தினேஷுக்கும் ஒரு சின்ன இழுபறி. நார் கெட்டியாக இருந்ததால் மாலை பிழைத்தது.)

“அடுத்து, கோலாட்டம்!” என்று அறிவிப்பாளர் முழங்கினார். திரை விலகியது. மேடையில் ஒரு கூடைக் கோல்கள் மட்டுமே இருந்தன.

உதவித் தலைவி ஓடிவந்தாள். “அண்ணே, அவங்கல்லாம் மீ கோரேங் சாப்பிடப் போய்ட்டாங்க! போன் அடிச்சா எடுக்க மாட்றாங்க!”

பாட்டு ஆரம்பித்துவிட்டது. டத்தோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாமளே ஆடுவோம்” என்றேன் வீரமாக. தினேஷ் அதற்குள் மேடையேறி, நடு இடத்தைப் பிடித்திருந்தான்.

நடு இடம் தலைவருக்குரியது அல்லவா? முழங்கையால் அவனை நகர்த்தினேன். இடுப்பால் என்னைத் தள்ளினான். உதவித் தலைவி எங்கள் இருவரையும் தாண்டி முன்னால் வந்து நின்றாள். பொருளாளர் அவளுக்கும் முன்னால் போனார். கோல் ஒன்றிரண்டு முறை கோலில் பட்டது. மற்றபடி விரல், காது, முழங்கால். நான் ஓங்கிய ஓங்கலில் தினேஷின் பெயர் வில்லை பறந்துபோய் டத்தோவின் காலடியில் விழுந்தது. அதே ஓங்கலில் என் கோட்டும் அக்குளிலிருந்து இடுப்புவரை கிழிந்தது.

மண்டபம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. விசிலும் பறந்தது.

டத்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். “எத்தனையோ சங்கத்தப் பாத்திருக்கேன். நாற்காலிச் சண்டைய இவ்ளோ தத்ரூபமா நடிச்சுக் காட்டினது இந்தப் பிள்ளைங்கதான்! தலைவரா நடிச்ச தம்பி யாரு?”

கிழிந்த கோட்டோடு முன்னால் வந்து கும்பிட்டேன். அப்போது முன்வாசல் வழியாகக் கோலாட்டப் பெண்கள் உள்ளே வந்தார்கள். அவர்களும் கைதட்டினார்கள்.

“சூப்பர்லா அண்ணே” என்றாள் கவிதா, வெளியே போகும்போது. “நாங்க ஆடியிருந்தா இவ்ளோ கைதட்டு கெடச்சிருக்காது.” அடுத்த தேர்தலில் அவள்தான் தலைவி. தினேஷை முன்மொழியக்கூட ஆளில்லை.

உண்மையைப் பல தடவை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். “அடக்கமா பேசறான்” என்கிறார். அவரைப் பொறுத்தவரை மகன் பெரிய சிரிப்பு நடிகன். போன வருடம் என் நிச்சயதார்த்தத்தில் நன்றி சொல்ல எழுந்தேன். அம்மா பெண் வீட்டாரின் பக்கம் திரும்பி, “இப்பப் பாருங்க, வயிறு வலிக்கும்” என்றார்.

எல்லோரும் சிரிக்கத் தொடங்கினார்கள். நான் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை.