ஒரு ஆள் சூடு

கணக்கில் இன்றைக்கும் ஒரு ஆள் குறைந்தது.

இசக்கிசெல்வி லேப்டாப் திரையைப் பார்த்தாள். பிறகு அறையைப் பார்த்தாள். அறைக்குள் அவள் இருந்தாள். எதிரே ஸ்டூலில் ஜிதின் இருந்தான். ஆக, இரண்டு பேர். ஆனால் திரையோ, இந்த அறையில் ஒரே ஒரு ஆளின் சூடுதான் இருக்கிறது என்று சாதித்தது.

“எந்தா சேச்சி, இன்னைக்கும் ஒத்துவரலையா?” என்றான் ஜிதின், மலையாளம் கலந்த தமிழில்.

“வரல. நீ கொஞ்சம் நேரா உக்காரு.”

அவன் நேராக உட்கார்ந்தான். கணக்கு நேராகவில்லை.

மட்டாஞ்சேரியின் சுக்கு கோடவுன்களில் மின்விசிறி போட முடியாது. போட்டால் தூசி கிளம்பி, தெருக்கோடி வரைக்கும் தும்மல் கேட்கும். அதனால் உள்ளே உட்கார்ந்து சுக்கு தரம் பிரிக்கும் பெண்கள் பகலெல்லாம் வெந்து போவார்கள். இதற்கு வழி உண்டு என்பதுதான் செல்வியின் ஆராய்ச்சி. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடம்பு, பழைய நூறு வாட் குண்டு பல்பு அளவுக்குச் சூடு விடுகிறது. சூடான காற்று மேலே ஏறும். அது வெளியேற மேலே ஒரு குழாயும், புதுக்காற்று வரக் கீழே ஒரு துவாரமும் வைத்துவிட்டால், அந்தச் சூடே வெளிக்காற்றை உள்ளே இழுத்து வந்துவிடும். விசிறியும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். ஆட்கள் உட்கார்ந்திருந்தால் போதும்.

இதை நிரூபிக்க, காலியாகக் கிடந்த ஒரு பழைய கோடவுனின் மூலையில் பிளைவுட்டாலும் தெர்மோகோலாலும் ஒரு சிறிய அறை கட்டியிருந்தாள். குழாய் வழியே எவ்வளவு காற்று, எவ்வளவு சூட்டோடு வெளியேறுகிறது என்று கருவிகள் சொல்லும். உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்தால் இரண்டு பேர் சூடு மேலே வரவேண்டும். வந்தது ஒன்று. மற்றொரு ஆளின் சூடு எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆராய்ச்சி வழிகாட்டியான ராமபத்ரன் சாருக்கு போன் போட்டாள். மற்றவர் பேசுவதைக் கேட்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. சூடு என்ன, கோபித்துக்கொண்டு மாமியார் வீட்டுக்கா போகும் என்று கேட்டார். மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் கணக்கு நேராக வரவேண்டும், வராவிட்டால் இந்தத் தடவை காலநீட்டிப்பு கிடையாது என்றும் சொல்லி போனை வைத்தார்.

நீட்டிப்பு கிடைக்காவிட்டால் செல்வியின் கதி என்ன என்பதைப் பள்ளுருத்தியில் அவள் வீட்டார் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள். காயலுக்கு அக்கரையில், பிராட்வேயில் உள்ள மாமாவின் பாத்திரக் கடைக் கல்லாவில் அவள் உட்கார வேண்டும். மாமா நாற்காலிக்கு மெத்தைகூடத் தைத்து வைத்துவிட்டார். படித்த படிப்பெல்லாம் எவர்சில்வர் குடத்துக்குள் போகப்போகிறது.

இதில் ஜிதின் ஒரு தனித் தலைவலி. உதவிக்கு ஆள் வேண்டும் என்று அவள் மாதக் கணக்கில் சாரிடம் கெஞ்சியிருந்தாள். “பார்க்கலாம்” என்பார் சார். அறை கட்டி முடித்த மறுநாள் காலையில் வந்தபோது, கட்டம் போட்ட சட்டையோடு வாசலில் ஒருவன் நின்றிருந்தான். “உதவிக்கு வந்தேன் சேச்சி” என்றான். கேட்டது கிடைத்ததே அதிசயம்; அதைப் பிடித்துவைத்து யாராவது விசாரிப்பார்களா?

ஆனால் அவனால் ஒரு துரும்பும் அசையவில்லை. ஏணியைப் பிடி என்றால் முதுகுவலி. கம்பியைப் பொருத்து என்றால், தான் தொட்டால் கருவி இடம் மாறிவிடும் என்பான். ஒரு வாய் சாப்பிடு என்றால் ஏதோ டயட். இருந்தும் இல்லாததுபோல் இருப்பது ஆபீஸ்களில் பலருக்குக் கைவந்த கலைதான். ஜிதின் அதில் கரை கண்டவன். சும்மா உட்கார்ந்து சூடு விடுவது ஒன்றுதான் அவனுக்குக் கொடுத்த வேலை. அதிலும் பிரயோஜனம் இல்லை என்றால் அவள் யாரிடம் போய் அழுவாள்?

பலகை இடுக்குகளில் பாதிக் காற்று ஒழுகிப் போகிறது, அதுதான் விஷயம் என்று முதலில் முடிவு செய்தாள். இடுக்குகளிலெல்லாம் டேப் ஒட்டினாள். ஜிதின் உட்கார்ந்தபடி, விட்டுப்போன இடங்களைச் சொன்னான். ஒட்டி முடித்ததும் அறை அடியோடு அமைதியாகிவிட்டது. பஜார் ரோட்டின் லாரிச் சத்தம் இல்லை, கீழே படகுத்துறையின் இரைச்சல் இல்லை. நடுமதியத்தில் அவளுடைய மூச்சுச் சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. பின்கழுத்தில் ஏதோ ஊர்வதுபோல் இருந்தது. திரும்பினாள்.

கதவில் பதித்திருந்த சிறிய கண்ணாடியில் ஒரு முகம் ஒட்டிக்கொண்டிருந்தது. கோடவுன் காவல்காரர் முத்துவேல். அவருடைய உதடுகள் மட்டும் அசைந்தன.

முத்துவேல் தென்காசிப் பக்கத்துக்காரர். அவள் சாவி வாங்க வந்த நாளில் ஊர் பெயர் கேட்டு, உறவு தேடி, மணிக்கணக்கில் பேசியவர்தான். அறையில் இந்தச் சோதனை தொடங்கியதிலிருந்து ஆளே மாறிவிட்டார். வாசல்படி தாண்டி உள்ளே வருவதில்லை. அவள் ஜிதினோடு பேசிக்கொண்டிருந்தால் எங்கிருந்தோ வந்து அந்தக் கண்ணாடியில் நிற்பார். திரும்பிப் பார்த்தால் போய்விடுவார்.

திரையில் கணக்கு அப்படியே இருந்தது. ஒரு ஆள்.

சாயாக்கடை சோனியாவும் தன் பங்குக்கு எரிச்சல் மூட்டினாள். இரண்டு சாயா என்று சொல்லிவிட்டால் ஒன்றுதான் கொண்டுவருவாள். ஜிதின் குடிக்கப்போவதில்லை என்றாலும், ஒரு ஆளுக்கு மரியாதை என்று ஒன்று உண்டல்லவா? கேட்டதற்கு, மறந்துபோச்சு சேச்சி என்றாள். சில நாட்களில் அவளும் உள்ளே வருவதை விட்டுவிட்டாள். கிளாஸை வாசலில் வைத்துவிட்டு, செருப்பை இழுத்துக்கொண்டு ஓடிப்போனாள்.

அடுத்து, கருவிகள் மேல் சந்தேகம் வந்தது. ஆட்களுக்குப் பதில் இரண்டு குண்டு பல்புகளை வைத்து, அறையைப் பூட்டிவிட்டு வெளியே வந்தாள். இரண்டு பல்பின் சூடும் பிசகாமல் மேலே வந்தது. செல்விக்கு அழுகை வந்துவிட்டது. கருவி பொய் சொல்லியிருந்தால் அதன் மேல் பழி போடலாம். இப்போது குற்றம் சொல்ல மனிதர்கள்தான் மிச்சம்.

ஒருவேளை இரண்டு பேருமே அரை ஆள் சூடுதான் விடுகிறோமோ? “உன் ஒடம்புல சூடே இல்லடி” என்று அம்மா பேச்சியம்மாள் சின்ன வயதிலிருந்து சொல்லிவந்தது நினைவுக்கு வந்தது. அன்று முதல் செல்வி சாப்பிடத் தொடங்கினாள். காலையில் முட்டை, மதியம் பொரோட்டா, மாலையில் கப்பைக் கிழங்கும் மீன்கறியும். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஆராய்ச்சி இப்படியே நடக்கட்டும் என்றாள். திரையில் ஒரு ஆள், ஒரு ஆளும் கொஞ்சமும் ஆனார். சுரிதார் இறுகியது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

“சேச்சி, ஒண்ணு சொல்லட்டா?” என்றான் ஜிதின். “பேய் இருக்கிற எடம் குளிரும்னு சொல்வாங்க. நம்ம சூட்டை அதுதான் எடுத்துக்குமாம்.”

“நான் இஞ்சினியர்டா.”

“இஞ்சினியர்னா அது எடுத்துக்காதா?”

அவன் மெதுவாகக் கதவுக் கண்ணாடியைக் கண்ணால் காட்டினான். அதில் முத்துவேலின் முகம் இருந்தது.

செல்வி சிரித்து மழுப்பினாள். ஆனால் அவன் போட்ட விதை முளைத்துவிட்டது. முந்தின நாள் சாவியைக் கொடுத்தபோது முத்துவேலின் விரல்கள் பட்டன; ஐஸ்கட்டி மாதிரி இருந்தன. அவர் கையில் மீன் பை இருந்ததைப் பார்த்ததாகத்தான் ஞாபகம். இருந்ததா? அவர் சாயா குடித்து அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. அவர் ஏன் வாசல்படியைத் தாண்டுவதில்லை? அடுத்த நாள் காலையில் அந்தப் படியில் ஒரு எலுமிச்சம்பழம் குங்குமம் தடவிக் கிடந்தது. செல்வி அதை மிதிக்காமல் தாண்டிக் குதித்தாள்.

பயத்தை விரட்ட வேலைதான் மருந்து என்று, காற்று ஓடும் பாதையைக் கண்ணால் பார்த்துவிடத் துணிந்தாள். அதற்குப் புகை வேண்டும். பக்கத்துத் தெருக் கடையில் சாம்பிராணி வாங்கிவந்து, அறைக்குள் புகை போட்டாள். கதவைச் சாத்துவதற்குள் புகை எழும்பியது. உடனே கதவுக்கு வெளியே ஒரு விசும்பல் கேட்டது. முத்துவேல் இரண்டு கைகளையும் தலைக்குமேல் கூப்பிக்கொண்டு நின்றார். கண்களில் தண்ணீர் வழிந்தது.

“இப்பவாவது ஒனக்குத் தோணிச்சே மோளே. நல்லாக் காட்டு, மூலையெல்லாம் காட்டு” என்றார்.

செல்வி சாம்பிராணிக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். அது கம்பிகளில் விழுந்து மூன்று கருவிகள் கருகின. மாற்றுக் கம்பி கிடைக்க ஒருநாள் போயிற்று. அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

காலையிலேயே ராமபத்ரன் சார் கூப்பிட்டார். மாலைக்குள் கணக்கை அனுப்பாவிட்டால் அறையைப் பிரித்துப் பலகையை விற்றுவிடச் சொன்னார். அசிஸ்டென்ட் சரியில்லை சார் என்று செல்வி தொடங்கினாள். எல்லா இடத்திலும் அப்படித்தான், ஆட்களை அனுசரித்துப் போகக் கற்றுக்கொள் என்று அறிவுரை சொல்லி வைத்துவிட்டார்.

வெலிங்டன் தீவுப் பக்கமிருந்து ஒரு கப்பல் நீளமாக ஊதியது. செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள்.

“அந்த ஆள உள்ள உக்கார வச்சிருங்க சேச்சி” என்றான் ஜிதின். “மனுஷன்னா சூடு ஏறும். இல்லன்னா எறங்கும். சோலி தீந்துச்சு.”

இத்தனை நாளில் அவன் செய்த ஒரே உருப்படியான உதவி இதுதான் என்று செல்விக்குத் தோன்றியது.

முத்துவேல் வர மறுத்தார். அந்த அறைக்கு மட்டும் கூப்பிடாதே, வேறு எது வேண்டுமானாலும் செய்கிறேன் என்றார். அவர் மறுக்க மறுக்க அவளுக்குப் பயம் ஏறியது. ஆனால் பேயைவிடப் பாத்திரக் கடைக்கு அவள் அதிகம் பயந்தாள்.

“அண்ணாச்சி, என் வாழ்க்கையே இதுலதான் இருக்கு. கொஞ்ச நேரம் வந்து உக்காருங்க, போதும்” என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

முத்துவேல் அவளைப் பார்த்தார். பெற்ற மகள் வயசு என்று முணுமுணுத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சுடலைமாடனைக் கூப்பிட்டபடியே படியைத் தாண்டினார். உள்ளே வந்தவர் கண்ணில் பட்ட ஸ்டூலில் உட்காரப் போனார்.

“ஐயோ, அதுல இல்ல அண்ணாச்சி” என்று செல்வி தடுத்து, ஒரு சுக்கு மூட்டையை இழுத்துப் போட்டாள். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. மூட்டையின் நுனியில் ஒடுங்கி உட்கார்ந்தார். ஜிதின் தன் ஸ்டூலில் கால்மேல் கால் போட்டு வேடிக்கை பார்த்தான்.

செல்வி கதவைச் சாத்தித் திரையின் முன் உட்கார்ந்தாள். கோடு அசையாமல் இருந்தது. பிறகு கோடு மெல்லத் தலையைத் தூக்கியது. ஏறியது. ஏறிக்கொண்டே போய், முழுசாக ஒரு ஆள் உயரம் ஏறி நின்றது.

செல்விக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எட்டி முத்துவேலின் கையைப் பிடித்தாள். வேர்த்து, கதகதவென்று, நல்ல உயிருள்ள மனிதக் கை. மீன் பை இருந்தது உண்மைதான்; ஐஸில் போட்ட மீன்.

“அண்ணாச்சி, நீங்க மனுஷன்தான். உங்களைப் போய் நான் என்னென்னவோ நெனச்சிட்டேன். மன்னிச்சிருங்க” என்றாள்.

சொல்லி முடித்ததும் அவள் பார்வை திரைக்குத் திரும்பியது. முகம் மறுபடி வாடியது. எதுவும் மாறவில்லை. நேற்றுவரை இருந்த அதே பள்ளம் இன்றும் இருந்தது.

“ஆனா கணக்கு இப்பவும் தப்பாத்தான் வருது. நாம மூணு பேரு இருக்கோம். இது ரெண்டு ஆளு சூடுதான் காட்டுது. என் ஆராய்ச்சி போச்சு அண்ணாச்சி.”

முத்துவேல் திரையைப் பார்த்தார். மூலையில் இருந்த ஸ்டூலைப் பார்த்தார். பிறகு அவள் பிடித்திருந்த கையை விடாமலே எழுந்து, அவளையும் மெல்லக் கதவுப் பக்கம் இழுத்தார்.

“ஒன் மிஷின் தப்பாச் சொல்லல மோளே,” என்றார் குரலைத் தாழ்த்தி, “மொத நாள்லருந்து நீ இங்க ஒத்தையிலதான் உக்காந்து பேசிக்கிட்டிருக்க.”